அஃறிணையில் வந்த காய்ச்சல்

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் நாற்பது பேர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள், அதில் ஒன்பது பேர் இறந்தும் போய்விட்டார்கள் என்று ஒரு சனிக்கிழமை மதியம் நான் முழு மனதோடு நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. என் மேலதிகாரியையும், ஓர் ஆம்புலன்ஸையும், ஒரு சோதனைச்சாவடியையும் நம்பவைத்தேன். அந்த நாற்பதும் மூட்டைகள். ஏலக்காய் மூட்டைகள். தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன், மாவட்டம் முழுக்கச் செல்லுபடியாகும் சுற்றறிக்கைகளை எழுதுகிறவன், சாக்கு மூட்டைகளுக்காக இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு மலையேறினேன் என்பதை எழுதும்போது இப்போதும் காது மடல் சுடுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இதில் என் மானத்தைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது.

அந்தச் செய்தி வந்த நேரத்தில் நான் போடி கடைத்தெருவில் ஒரு சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தலை முழுக்கச் சாயம். அரை மணி நேரம் ஊறட்டும், அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு முடி திருத்துபவர் டீ குடிக்கப் போயிருந்தார். மடியில் இருந்த கைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. எங்கள் 'ஜீப் காய்ச்சல் தகவல்' வாட்ஸ்அப் குழுவில் கங்காணி அக்கா எழுதியிருந்தார்: "நாப்பது காய்ச்சல்ல கெடக்கு. ஒம்பது முடிஞ்சிருச்சு. மிச்சம் ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும். காலைல ஜீப்புல எறக்கிருவோம்."

ஒரு முறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் உயர்திணை, அஃறிணை படித்த எவனும் ஒரு கணம் நின்று யோசித்திருப்பான். மனிதர்கள் என்றால் 'கெடக்காங்க' என்றுதானே இருக்கும், 'கெடக்கு' என்றா இருக்கும்? எனக்கு ஏன் அது உறைக்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உறைக்காததற்குக் காரணம் என் தொழில். எங்கள் அறிக்கைகளில் மனிதர்கள் எப்போதுமே அஃறிணைதான். பாதிப்பு நாற்பது. இறப்பு ஒன்பது. நிலுவை முப்பத்தொன்று. இப்படியே வருடக்கணக்காக எழுதிப் பழகியவனுக்கு, நாற்பது கிடக்கிறது, ஒன்பது முடிந்துவிட்டது என்ற வாக்கியம் தலைமையகத்திலிருந்து வந்த செய்திபோலத்தான் இருந்தது. சொல்லப்போனால், கங்காணி அக்காவின் நடை நன்றாகத் தேறிவிட்டது என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன்.

கங்காணி அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராசிங்காபுரத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, மெட்டு தாண்டி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். ஒவ்வொரு ஜீப்புக் கூட்டத்துக்கும் ஒரு கங்காணி. ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்ப்பது அவர் பொறுப்பு. இந்த அக்கா ஐம்பதைத் தொட்டவர். சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் கயிறு போட்டு இறுக்கிய சாக்கு, அதன் மேல் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். மலையாளி மேஸ்திரிகள் அவரைச் சேச்சி என்பார்கள். நானும் முதல் நாளே அக்கா என்றேன். அவர் என் தலையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "கூப்புடுங்க சார், மையடிச்சிருக்கிறவுகளுக்கு எல்லாரும் அக்காதான்" என்றார்.

அவரைக் குழுவில் சேர்த்தவன் நான். அந்தக் குழுவே என் கொள்கையின் குழந்தை. எங்கள் கிராம சுகாதார செவிலியர்கள் பகலில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுப்பார்கள். ஜீப்பில் போகிற குடும்பங்களின் வீடுகளில் பகலில் பூட்டுதான் இருக்கும். பூட்டுக்குக் காய்ச்சல் வருவதில்லை. ஆகவே அந்தத் தெருக்களில் ஆண்டு முழுவதும் காய்ச்சலே இல்லை என்று ஏட்டில் இருந்தது. இந்த ஓட்டையை அடைக்க எட்டுப் பத்தியில் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். ஒவ்வொரு கங்காணியும் தன் ஜீப்பில் இன்றைக்குக் காய்ச்சல் எத்தனை என்று தினமும் மாலை குழுவில் எண் போட வேண்டும். எழுதி முடித்துவிட்டு அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பத்தியில் அவள் குக்கரை இறக்கப் போனவள் திரும்பி வரவில்லை. இருந்தாலும் எனக்குத் திருப்திதான்.

கங்காணிகளுக்கு விளக்கக் கூட்டம் போட்டபோது இந்த அக்கா மட்டும்தான் கேள்வி கேட்டார்.

"சார், காய்ச்சல்னு போட்டா ஜீப்ப நிப்பாட்டிருவீகளா?"

"ஆறாம் பத்தியைப் பாருங்கக்கா. தேவை ஏற்படின் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்னு இருக்கு."

"தற்காலிகம்னா எத்தன நாளு?"

"அது நெலமையைப் பொறுத்து."

"சரிங்க சார், வெளங்கிருச்சு" என்று சுற்றறிக்கையை எட்டாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டார். என் கொள்கையை ஒருவர் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே என்று பூரித்துப் போனேன். அவர் புரிந்துகொண்டது எவ்வளவு முழுமையாக என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து குழுவில் பூஜ்யம் வந்தது. ஏழு ஜீப்புக்கு ஏழு பூஜ்யம். கங்காணி அக்கா பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும் போடுவார். மாதாந்திரக் கூட்டத்தில் அந்தப் பூஜ்யங்களைத் திரையில் பெரிதாகக் காட்டினேன். எங்கள் மேலதிகாரியான டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூடவா உடம்பு சுடலை?" என்று கேட்டார். "மலைக்காத்து மேடம்" என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் அடுத்த பொருளுக்குப் போனார். அந்த மௌனத்தைப் பாராட்டாக எடுத்துக்கொண்டவன் நான்.

இப்படிப் பூஜ்யமும் பூவுமாக ஓடிக்கொண்டிருந்த குழுவில் ஒரே நாளில் நாற்பது என்றால் ஒரு மனிதன் என்ன ஆவான்? சலூன் துணியோடு தெருவில் இறங்கினேன். கங்காணி அக்காவுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. டாக்டரம்மாவைப் பிடித்தேன். "என்ன நோய்?" என்றார். "தெரியல மேடம்." "அறிகுறி?" "படுத்திருக்காங்க மேடம்." "யார் பார்த்தது?" "குரூப்ல வந்துச்சு மேடம்." பிறகு, ஆம்புலன்ஸைப் பின்னால் அனுப்புகிறேன், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பதறாதீர்கள் என்றார். பதறாதே என்று யாராவது சொல்லும்வரை நான் ஓரளவு நடமாடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அங்கே செவிலியராக இருக்கும் சிஸ்டரை ஏற்றிக்கொண்டு துறை ஜீப்பில் புறப்பட்டோம். டிரைவர் என் தலையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மேலேறியதும் போன் செத்துவிட்டது. அதற்குப் பிறகு பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கற்பனை. மூன்றாம் வளைவில் நோய்க்குப் பெயர் வைத்தேன். ஆறாவதில் செய்தியாளர்களுக்குப் பேட்டி கொடுத்தேன். பத்தாவதில் என்னை வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். பதினான்காவதில் எனக்கே தொண்டை கரகரத்தது. நாற்பத்தொன்றாவது ஆள் நான்தான் என்று முடிவு செய்து மனைவிக்கு என்ன சொல்லிவிட்டுப் போவது என்று வார்த்தை தேடினேன். சிஸ்டர் பின் சீட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார். "நாப்பது பேர் படுத்திருந்தா எழுதிப் போடவா உக்காந்திருப்பாக? அழுது ஊரக் கூட்டியிருப்பாகளே சார்" என்று ஒரு தடவை சொன்னார். பேட்டியின் நடுவில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

மெட்டில் சோதனைச்சாவடி. மேலிருந்து ஜீப்புகள் இறங்குகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்த ஊழியரிடம் ஒரு ஜீப்பையும் கீழே விடாதீர்கள் என்றேன். "எழுத்துல குடுங்க சார்" என்றார் அவர். சட்டைப் பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் என் சுற்றறிக்கையையே எடுத்து, ஆறாம் பத்தியின் அடியில் கோடிழுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தான் எழுதியதைத் தானே அமல்படுத்துகிற பாக்கியம் எங்கள் துறையில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு ஜீப் இறங்கி வந்தது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். டிரைவருக்குப் பின்னால் மூலையில் ஒருத்தி தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், வேலைக் களைப்பு என்று நினைத்தேன். நல்லவேளை, இவர்களைச் சாவடியில் பிடித்து வைத்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல். என் தலையில் இருந்த சாயம் நெற்றி வழியாக இறங்கி மேல் முகக்கவசத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரின் வாசலில் கங்காணி அக்கா நின்றுகொண்டு, கூடையைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டேன்.

"அக்கா, எங்க?"

"எது சார்?"

"அந்த நாப்பது."

"ஸ்டோர்லதான். எங்க போயிரும்?"

"ஒன்பது முடிஞ்சிருச்சுன்னீங்களே?"

"முடிஞ்சத ஆற வச்சுச் சாக்குல கட்டியாச்சு. மிச்சத்துக்குச் சாக்கு பத்தல, ஆளு போயிருக்கு."

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லாம? காலைலயே சொல்லியாச்சு. மொதலாளி ஒருத்தருதான சார் சொந்தக்காரரு."

"அவர் என்ன சொன்னாரு?"

"பச்ச நெறம் மாறிறாமப் பாத்துக்க, ரொம்பப் போட்டுக் கருக்கிறாதன்னாரு."

அந்த நேரத்தில், என்னைத் தாண்டி நடந்துபோய் ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்த சிஸ்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் சிரிக்கிறார். உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சைக்காய் சூட்டில் கிடந்தது. ஓரத்தில் ஒன்பது மூட்டை, வாய் கட்டி, வரிசையாக. காய்கிற பொருளின் பதத்துக்குக் காய்ச்சல் என்றுதான் எங்கள் பக்கத்தில் பெயர். வத்தல் நல்ல காய்ச்சல், நெல்லுக்கு இன்னும் ஒரு காய்ச்சல் வேண்டும் என்று நானே வீட்டில் சொல்லியிருக்கிறேன். கங்காணி அக்கா தோட்ட ஆபீஸ் குழுவுக்குப் போட வேண்டிய தகவலை எங்கள் குழுவில் போட்டுவிட்டார். இரண்டு குழுவுக்கும் அடையாளப் படம் ஏலச்செடி. எங்கள் குழுவுக்கு அந்தப் படத்தை ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்தது யார் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

விஷயம் தெரிந்ததும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடை கழுவிக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "சார், தலையில என்னா கருப்பா ஒழுகுது, எங்கயும் அடிகிடி பட்டுச்சா?" என்றாள் ஒருத்தி. "அடியில்லடி, சாருக்கு வயசு எறங்குது" என்றார் அக்கா. நானும் சிரித்தேன். ஒன்பது பேர் சாகவில்லை என்பதைப் போல ஒரு சுகம் உலகத்தில் உண்டா? அந்தச் சுகத்தில்தான், சரி சரி, சாவடியில் நிறுத்தி வைத்த ஜீப்பையெல்லாம் போய் விடச் சொல்கிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன்.

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஜீப்ப நிப்பாட்டுனீகளா?"

"தற்காலிகமாத்தான்க்கா."

"மொத ஜீப்புமா?"

"எல்லாமே."

கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தார். "அதுல என் தங்கச்சி இருக்கா சார். அஞ்சு நாளா மேலு கொதிக்குது. கடையில மாத்தர வாங்கித் தின்னுட்டுத் தின்னுட்டுத்தான் காய் எடுத்தா. இன்னைக்கு மத்தியானம் கால் ஊண முடியல. போடி ஆஸ்பத்திரில எறக்கிவிடச் சொல்லி மொத ஜீப்புல ஏத்திவிட்டேன்."

"அஞ்சு நாளாவா? தெனமும் பூஜ்யம் போட்டீங்களே."

"போட்டேன். பூவும் போட்டேன்." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "ஒருத்திக்குக் காய்ச்சல்னு எழுதுனா ஜீப்பு நிக்கும். ஜீப்பு நின்னா இருவது பேருக்குச் சோலி இல்ல. நாலு நாள் நாங்க வரலைன்னா காய் எடுப்பு முடியிற வரைக்கும் வேற கூட்டத்த ஏத்திருவாக. நீங்கதான சார் பேப்பர்ல எழுதிக் குடுத்தீக?"

அவரிடம் கோபம் இல்லை. அதற்கு நேரம் இல்லை. "வெரசாக் கெளம்புங்க சார். யாரு தப்புன்னு போற வழியில பேசிக்கிருவோம்" என்று எனக்கு முன்னால் ஜீப்பில் ஏறினார். சிஸ்டர் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். ஐந்து நாள் காய்ச்சல், மலைக்காட்டு வேலை என்றால் என்னவாக இருக்கலாம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். புதரில் இருந்து ஒட்டுகிற கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வருகிற காய்ச்சல் ஒன்று உண்டு. முதல் வாரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படும். விட்டுவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். அதைப் பற்றி எட்டுப் பக்கக் கையேடு எழுதியவன் நான். கையேடு எழுதியவனின் உத்தரவில்தான் அந்தப் பெண் சாவடியில் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு, ஏறும்போது வந்த அத்தனை கற்பனையையும் துடைத்துவிட்டது.

சாவடியில் நான்கு ஜீப்புகள் வரிசையாக நின்றன. பெண்கள் இறங்கித் தார்ப்பாய் ஓரத்தில் ஒதுங்கியிருந்தார்கள். அவசரம், உடம்பு சரியில்லை என்று முதல் ஜீப் டிரைவர் கெஞ்சியிருக்கிறார். உடம்பு சரியில்லை என்றால் கட்டாயம் விடக்கூடாது என்றுதானே உத்தரவு என்று ஊழியர் காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. என் வாக்கியத்தை அவ்வளவு சரியாக வேறு யாரும் வாசித்ததில்லை.

"விடுங்க, நான்தான் சொல்றேன்ல" என்றேன்.

"ரத்துன்னு எழுத்துல குடுங்க சார்."

அந்தக் காகிதத்திலேயே ரத்து என்று எழுதினேன். எழுதும்போது தலையிலிருந்து ஒரு கருஞ்சொட்டு விழுந்து கையெழுத்தின் மேல் பரவியது. "முத்திரையும் ஆச்சு" என்று அவர் வாங்கி மடித்துக்கொண்டார்.

சிஸ்டர் அதற்குள் முதல் ஜீப்பில் ஏறியிருந்தார். பெண்கள் சொல்லாமலேயே தங்கள் பிளாஸ்டிக் தாள்களை விரித்து நாலு பக்கமும் மறைவு பிடித்தார்கள். நான் திரும்பி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிஸ்டரின் குரல் கேட்டது. "எங்கயாச்சும் கடிச்ச மாதிரி, கருப்பாப் பொருக்குக் கட்டுன மாதிரி இருக்காத்தா?" அந்தப் பெண்ணின் பதில் காதில் விழவில்லை. அக்கா எடுத்துச் சொன்னார்: "இடுப்புல சாக்குக் கயிறு அறுத்த புண்ணு ஒண்ணு இருக்குங்குறா." கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் தாளை விலக்கி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கயிறு அறுத்த புண் வலிக்கும். அது வலிக்கவே இல்லையாம். நடுவில் கருப்பாக, சுற்றிலும் சிவப்பாக, பீடி நுனியால் சுட்டதுபோல் இருந்ததாம். ஓர் ஆண் டாக்டர் முன்னால் அவள் அதைக் காட்டியிருக்கப் போவதே இல்லை.

நாற்பது பேருக்காகப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் அப்போதுதான் கடைசி வளைவில் திரும்பி மேலே வந்தது. ஒருத்தியை ஏற்றிக்கொண்டு திரும்பியது. கங்காணி அக்கா கூட ஏறினார். கதவைச் சாத்தும்போது, "அந்த மத்த ஜீப்ப விட்ருங்க சார், பிள்ளைக வாசல்ல காத்துக்கிட்டிருக்கும்" என்றார். அந்த நேரத்திலும் அவர் ஜீப்பின் கங்காணி.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் அக்காவைப் பார்த்தேன். சட்டையும் தலைத்துண்டும் இல்லாமல் அவரை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. மன்னிப்புக் கேட்க வந்தவன் என்ன சொல்வது என்று தெரியாமல் டீ வாங்கி நீட்டினேன். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "சாருக்குக் கணக்குதான வேணும்? காய்ச்சலான்னு கேக்காதீக. எவளும் சொல்ல மாட்டா. இன்னைக்கு மூலச் சீட்டுல யாருன்னு கேளுங்க."

டிரைவருக்குப் பின்னால் இருக்கிற மூலை. ஜீப்பில் சாய்ந்துகொள்ள வாய்ப்புள்ள ஒரே இடம் அது. மற்ற எல்லோரும் ஒருத்தி மடியில் ஒருத்தியாக, ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பை இறுக்கிக்கொண்டு வருவார்கள். யாருக்கு முடியவில்லையோ அவளை யாரும் கேள்வி கேட்காமல் அந்த மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். நல்லா இருக்கிறவள் அங்கே உட்கார்ந்தால் ஏச்சு விழும். எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் அத்தனை ஜீப்பிலும் தினமும் கணக்கு சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை எதிரே வந்த ஜீப்பில் அந்த மூலையை என் கண்ணாலேயே பார்த்தேன். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. நான் திட்டை எதிர்பார்த்து நான்கு நகைச்சுவை தயார் செய்து போயிருந்தேன், வீணாகிவிட்டது. "ஆறாம் பத்தியை எடுங்க" என்று மட்டும் சொன்னார். எடுத்தேன். காய்ச்சல் சொன்னால் ஜீப் நிற்காது, சொன்னவரோடு ஒரு சிஸ்டர் பேசுவார், அவ்வளவுதான் என்று எழுதினேன். எட்டுப் பத்தி மூன்றாகச் சுருங்கியது. படிவத்தில் காய்ச்சல் என்ற கட்டத்தை அடித்துவிட்டு மூலை இருக்கை என்று போட்டேன். மேலிடத்திலிருந்து உடனே ஒரு விளக்கம் கேட்டார்கள்: மூலை இருக்கை என்பது எந்த நோயின் வட்டாரப் பெயர்? அதற்குப் பதில் எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டரம்மா ஒரு வரியில் எழுதி அனுப்பினார், படிவம் அப்படியே நிலைத்தது. மாலையில் ஜீப் வந்து நிற்கிற இடத்தில் இப்போது ஒரு சிஸ்டர் நிற்கிறார். யாரையும் எதுவும் கேட்பதில்லை. முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பார். குழுவில் ஒன்று, இரண்டு, சில மழை நாளில் நான்கு என்று எண்கள் வர ஆரம்பித்தன. பூஜ்யத்தைத் திரையில் காட்டிப் பெருமைப்பட்டவன், எண் ஏறுவதைக் காட்டி நிம்மதியாக உட்கார்ந்தேன். என் துறையில் இதைப் புரியவைப்பது லேசான காரியம் இல்லை.

எனக்குள்ளும் ஒரு சின்னப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அறிக்கையில் பாதிப்பு மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் மூவர் என்று எழுதிவிடுகிறேன். கணினிப் படிவம் அதை ஏற்பதில்லை, சிவப்புக் கோடு காட்டுகிறது. எண்ணை அங்கே கொடுத்துவிட்டு, குறிப்புப் பகுதியில் மூவர் என்று எழுதிவைக்கிறேன். யாரும் அதைப் படிப்பதில்லை. படிக்காவிட்டால் என்ன?

கங்காணி அக்கா இப்போது மலையேறுவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று கீழே தேவாரம் ஊரில் மகன் தோட்டத்தோடு இருந்துவிட்டார். ஜீப்புக்கு வேறு கங்காணி. ஆனால் குழுவிலிருந்து அக்காவை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவரும் சும்மா இருப்பதில்லை. போன மாதம் ஒரு காலையில், "ரெண்டு வந்துச்சு. வாழ முடிஞ்சிருச்சு. ஆளுக்குச் சேதம் இல்ல" என்று போட்டார். வந்தது ஆனை, முடிந்தது மகன் தோட்டத்து வாழை. நான் நான்கு தடவை படித்து, திணை சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் போன் செய்தேன். "சாரு தேறிட்டீக" என்றார். தலை எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார். சாயம் போடுவதை விட்டுவிட்டேன் என்றேன். "அப்ப இனிமே நான் ஒங்கள அண்ணேன்னு கூப்புடலாம்" என்று வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி டாக்டரம்மா என்னிடம் ஓர் அறிக்கை கேட்டிருந்தார். அடைமொழி வேண்டாம், விளக்கம் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றார். நான்கு தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியதிலேயே சின்ன அறிக்கை அதுதான்.

அந்த வாரம் அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் கண்டவர் ஒரே ஒருவர். என் உத்தரவால் அவர் ஒரு மணி நேரம் சாவடியில் நிறுத்திவைக்கப்பட்டார். உண்ணிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் உறுதியானது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொண்டார்.